தண்ணீரைப் பார்த்து டென்ட் போடுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், நடுவில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. இருட்டுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். விருந்தாளி வந்தால் நானும் இதைத்தான் காட்டுகிறேன். ஆனால் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "சார், மேலே டென்ட் போட்டுத் தங்கலாமா? காட்டுக்குள்ளே நடந்து போகலாமா?" மாணவர்களை இயற்கை முகாம்களுக்கு அழைத்துப் போகிற வேலை ரொம்ப நாளாக என் தலையில் இருந்தது. அதனால்தான் வானொலி நிலையத்தார் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேட்கிற பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி சாமானைப் பற்றித்தான். எந்த டென்ட் வாங்கலாம், ஷூ என்ன விலை, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, அது தாங்குமா? அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலையில் ஒரு ராத்திரி நல்லபடியாகக் கழிவதும் நாசமாகப் போவதும் பெரும்பாலும் தண்ணீரால்தான். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், நாம் அதற்கு எவ்வளவு தள்ளிப் படுத்திருக்கிறோம், நம்மிடமிருந்து அதற்குள் என்ன போய்ச் சேருகிறது, இந்த மூன்றும் தெரிந்தவருக்கு அறுநூறு ரூபாய் தார்ப்பாயே போதும்.

அதற்கு முன்னால் அனுமதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சமரசம் கிடையாது. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஒரு பகுதி காப்புக்காடு, ஒரு பகுதி தனியார் எஸ்டேட். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, இரவு தங்குவது பற்றிப் பேச்சே இல்லை. எஸ்டேட்டில் தங்குவதென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு அதே வருடம் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை 40 பாதைகளோடு வனத்துறை தொடங்கியது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போய்வரலாம். முதல் தடவை நடக்கிறவர்கள் அப்படிப் போவதுதான் நல்லது. மாசியிலிருந்து சித்திரை வரை அடிவாரச் சரிவுகளில் புல்லும் மூங்கிலும் உண்ணிச்செடியும் சருகாகக் காய்ந்து கிடக்கும். அந்தப் பருவத்தில் நடையும் வேண்டாம், தீப்பெட்டியும் வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். டென்ட் என்றவுடனே எல்லோர் மனதிலும் வருகிற படம் ஒன்றுதான்: நீர்க்கரை, அதை ஒட்டி ஒரு கூடாரம், வாசலைத் திறந்தால் காலடியில் தண்ணீர். ஏற்காடு ஏரியைச் சுற்றி சாலையும் விடுதியும் கடையுமாக இருப்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை. எஸ்டேட்டுகளுக்குள் இருக்கிற குட்டை, ஓடைக் கரைகளில்தான் பிள்ளைகள் இதற்கு ஆசைப்படுகிறார்கள். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும், தூக்கம்தான் வராது.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. பொழுது சாய்ந்ததும் சரிவு வழியாக மெல்ல இறங்கி, எங்கே பள்ளமோ அங்கே போய்த் தேங்கும். குட்டையும் ஓடையும் இருப்பது பள்ளத்தில்தானே? சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு. ஆக ஏற்காட்டில் எட்டு டிகிரி குறைவு. அங்கேயும் பள்ளத்தில் படுத்தால் அதைவிடக் குறைவு. சேலம் அஸ்தம்பட்டியில் மின்விசிறி போட்டுத் தூங்கியவர் மார்கழியில் ஒரு பெட்ஷீட்டோடு மேலே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடவே பனி. விடியற்காலை ஐந்து மணிக்கு டென்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்துணியின் உள்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாக நீர்த்துளி நிற்கும். யாராவது புரண்டு தோள் பட்டால் போதும், பத்துத் துளி ஒன்றாய்ச் சேர்ந்து தையல் ஓரமாக வழிந்து தலையணைக்கு வந்துவிடும். பிள்ளைகள் டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அது மழையில்லை, நாம் ராத்திரி முழுக்க விட்ட மூச்சுதான். குளிருக்குப் பயந்து ஜிப்பையெல்லாம் இறுக்கி மூடியிருப்போம், ஈரம் வெளியே போக வழியில்லாமல் துணியில் படிந்திருக்கும். மேலே இருக்கிற வலை ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், நனைந்த ஸ்லீப்பிங் பேக்குக்கு நடு ராத்திரியில் மருந்து கிடையாது.

ஆகவே தண்ணீரிலிருந்து குறைந்தது எழுபது எட்டு வைத்து நடக்கிற தூரம், அதாவது அறுபது மீட்டர் தள்ளி, கொஞ்சம் மேடாக, தரை ஒரு பக்கம் லேசாகச் சரிகிற இடமாகப் பாருங்கள். மைதானம் மாதிரி தட்டையாக இருந்தால் மழைத் தண்ணீர் போக இடமில்லாமல் அடியிலேயே நிற்கும். சருகுகள் எல்லாம் ஒரே திசையில் வரிசையாகப் படிந்து கிடந்தால் அது தண்ணீர் ஓடின தடம். இப்போது காய்ந்திருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். அண்ணாந்தும் பாருங்கள். காபித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் நெட்டையாக வளர்வது, காற்றில் கிளை முறியும். சித்திரை, வைகாசிக் கோடை மழை இடியோடுதான் வரும். அப்போது ஒற்றை மரத்தடியிலோ மொட்டைப் பாறை உச்சியிலோ நிற்கிற ஆசை வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் ஓடையில் தண்ணீர் வரும். கால் நனைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால் செல்ஃபியை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

தண்ணீரை விட்டுத் தள்ளியிருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காட்டுமாடு. பத்திரிகைகளில் காட்டெருமை என்று எழுதுவார்கள். சேர்வராயன் மலையில் யானை பயம் கிடையாது என்று சொல்லித் தைரியமாகக் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வளர்ந்த கிடா ஒரு டன் எடை வரை இருக்கும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நிற்கும். சாயங்காலமும் விடியற்காலையும் அது தண்ணீருக்கு இறங்குகிற நேரம். ஓடைக் கரைச் சேற்றில் பிளவுபட்ட குளம்புத் தடம் கிடந்தால் குனிந்து பாருங்கள். விளிம்பு இடிந்து, உள்ளே சருகு விழுந்து, தேங்கிய தண்ணீர் தெளிந்திருந்தால் அது பழைய தடம். விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி இருந்து, உள்ளே தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் மாடு இப்போதுதான் போயிருக்கிறது, பக்கத்திலேயே நின்றுகூட உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வந்த வழியே திரும்புங்கள். எதிரே வந்துவிட்டால் கத்த வேண்டாம், ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், அது போகிற வழியை மறிக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டத்தைவிடத் தனியாகத் திரிகிற கிடாவிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மலைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர் என்று கையால் அள்ளிக் குடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. இந்த மலையில் ஓடைகள் தோட்டங்களுக்கு நடுவே வருகின்றன. தோட்டம் என்றால் உரமும் மருந்தும் இருக்கும், அறுவடைக் காலத்தில் காபிப் பழம் கழுவிய தண்ணீரும் இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஏற்காடு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்கு அது போதும். உரமும் மருந்தும் கொதித்தாலும் போகாது. ஆகவே ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்துகொண்டு போங்கள், தங்குகிற எஸ்டேட்டில் குடிநீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம்மிடமிருந்து தண்ணீருக்குப் போவது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கிளியூர் அருவியில் விழுகிறது. ஏரியில் பிஸ்கட் கவரை விட்டெறிகிறவர் அடுத்த நாள் அருவிக்குப் போய், இங்கே ஒரே குப்பை என்று முகம் சுளிப்பதை நான் கேட்டிருக்கிறேன். மலை முழுக்க இதே கதைதான். திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்துதான் சேலம் நகருக்குள் நுழைந்து காவிரிக்குப் போகிறது. சரபங்கா நதிக்கும் பிறந்த வீடு இதுவே. உச்சியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் சேர்வராயன் சாமியோடு காவிரி அம்மனும் இருக்கிறாள். வைகாசி வாக்கில் நடக்கிற திருவிழாவுக்கு மலைக்கிராம மக்கள் திரண்டு வருவார்கள். ஆற்றின் பெயரை மலை உச்சியில் சாமியாக வைத்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்கிறது.

ஓடையில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள், பாத்திரம் துலக்காதீர்கள். ஒரு வாளியில் மொண்டு தள்ளிக் கொண்டுபோய்க் கழுவி, மண்ணில் ஊற்றுங்கள். எஸ்டேட்டில் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அதற்கும் அந்த எழுபது எட்டுக் கணக்குதான். ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணைப் போட்டு மூட வேண்டும். ஒரு சின்ன மண்வெட்டியைப் பையில் வைத்துக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? ஈர டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், மக்காது, கவரில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இது நம் ஊரில் நடக்காது சார் என்பார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கொன்குவின் என்று ஒரு பூங்கா இருக்கிறது. 1893-இல் ஏற்படுத்தியது, 2,400-க்கும் மேற்பட்ட ஏரிகள். உட்பகுதிக்குப் போகிறவர்கள் துடுப்புப் படகில் ஏரியைக் கடந்து, அடுத்த ஏரி வரை படகைத் தலைமேல் தூக்கி நடந்து, மறுபடி தண்ணீரில் இறங்குவார்கள். அங்கே உட்பகுதிக்குள் தகர டப்பா, கண்ணாடி பாட்டில் இரண்டுக்கும் தடை. ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது. குறித்த இடத்தில்தான் டென்ட், சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அவ்வளவு தண்ணீர் இருக்கிற நாட்டில் அவ்வளவு கட்டுப்பாடு. நம்மிடம் இருப்பது கைக்குள் அடங்குகிற ஓர் ஏரி. இங்கே முப்பது பேர் ஸ்பீக்கரோடு வந்து ஜெனரேட்டர் போட்டு ஆடுவதையும் முகாம் என்றே விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, வானொலியில் இதற்கு மேல் சொல்வது நாகரிகமில்லை.

சாமான் பற்றிக் கேட்டீர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். டென்ட்டுக்குள் படுக்கைக்கு அடியில் விரிக்க ஒரு பாய் அல்லது ஃபோம் ஷீட் கட்டாயம், ஏனென்றால் மேலே போர்த்துகிற கம்பளியைவிடத் தரைக்குளிரைத் தடுப்பதுதான் முக்கியம். ஜீன்ஸ் பேன்ட் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. மாற்று உடையை பிளாஸ்டிக் உறைக்குள் தனியாகக் கட்டி, படுக்கும்போது மட்டும் எடுங்கள். தலையில் மாட்டுகிற டார்ச் இருந்தால் கை இரண்டும் சும்மா இருக்கும். மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. சாப்பாட்டுக்கு நம் புளிசோறும் எள்ளுத் துவையலும் போல வராது. தட்டுவடை செட் கட்டிக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு, பத்தாவது வளைவிலேயே அது நமுத்துப்போகும், அடிவாரத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுவது உத்தமம். மிச்சச் சோற்றைக் குரங்குக்குப் போடாதீர்கள். நீங்கள் இறங்கிவிடுவீர்கள், அடுத்து வருகிறவரின் பையை அது பிடுங்கும்.

கடைசியாக, சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் முதல் தடவையே இரவு தங்கல் வேண்டாம். முதலில் வீட்டு மொட்டை மாடியில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி படுக்க வையுங்கள். இருட்டில் ஜிப்பைத் திறக்கவும் செருப்பைத் தட்டிப் பார்த்து மாட்டவும் பழகட்டும். பிறகு காலையில் மேலே போய் வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். கழுத்தில் ஒரு விசில் கட்டிவிடுங்கள். வழி தவறினால் தேடி ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும், பதில் வரும் வரை விட்டு விட்டு ஊதிக்கொண்டிருக்க வேண்டும். இதை வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.