தமிழ் தெரியாமல் தமிழ்ப்படம் எடுத்தவர்

அனைவருக்கும் வணக்கம். சினிமாக்காரர்களைப் பற்றி அதிகம் வெளியே வராத துணுக்குகளாகச் சொல்லுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடம் போட்ட கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராக, சின்ன வேடத்தில். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாக நடித்திருக்கிறார். இப்படி எழுதிக்கொண்டே போகும்போதுதான் கவனித்தேன், எந்தத் துணுக்கைத் தொட்டாலும் அதன் பின்னால் ஒரே ஆள் நிற்கிறார். அதனால் நோட்டை மூடிவிட்டேன். அந்த ஒருவரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்காரர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது கூடப் படித்தவர் மாணிக்லால் டாண்டன். அந்த நண்பர் கூப்பிட்டார் என்று 1935-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1950 வரை இங்கேயே இருந்து படமெடுத்தார். நந்தனார் படத்தை இயக்கியது டாண்டன், கூடமாட வேலை செய்தவர் டங்கன். அப்புறம் 'சதி லீலாவதி' வாய்ப்பு வந்தபோது, என் நண்பன் செய்வான் என்று டாண்டன் கைகாட்டிவிட்டார். 1936-ல் வந்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா மூன்று பேரும் சினிமாவில் காலெடுத்து வைத்தார்கள். கதை எஸ்.எஸ். வாசனுடையது, குடியால் சீரழிந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருகிற ஒருவனின் கதை.

இத்தனைக்கும் டங்கனுக்குத் தமிழ் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. உதவியாளர்கள் வசனத்தை ஆங்கிலத்தில் சொல்வார்கள், அதை மனதில் வைத்துக்கொண்டு நடிகரின் முகத்தைப் பார்ப்பார். மேடை நாடகத்திலிருந்து வந்த நம் ஆட்கள் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேசி, நேராக நின்று பாடிக்கொண்டிருந்த காலம் அது. சொல் புரியாத மனிதருக்குப் பார்க்க மிச்சமிருந்தது கண்ணும் கையும் முகத்தில் விழுகிற வெளிச்சமும்தான். நம் சினிமா நாடக மேடையை விட்டு இறங்கி வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1937-ல் 'அம்பிகாபதி'. கம்பன் மகனின் காதல் கதை. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்தார், வசனம் இளங்கோவன். ரோமியோ ஜூலியட்டின் சாயலில் காதல் காட்சிகளை எழுதச் சொல்லி இளங்கோவனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார் டங்கன். முதலில் சொன்னேனே, ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாக நடித்த படம், அந்தச் 'சகுந்தலை'யும் இவர் இயக்கியதுதான்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 'மீரா', 1945 தீபாவளிக்கு வந்த படம். எம்.எஸ். நடித்த கடைசிப் படமும் அதுதான். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே எம்.எஸ்.ஸின் முகத்தை அச்செடுத்து, பிளாஸ்டரில் ஒரு தலைச்சிலை செய்யவைத்தார் டங்கன். அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அந்தச் சிலையை எதிரே வைத்துக்கொண்டு, மேலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து என்று விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் கோணத்தில் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, எந்த வெளிச்சத்தில் அந்த முகம் மீராவின் முகமாக மாறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். குரலுக்காகவே ஊர் கொண்டாடிய ஒருவரின் முகத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'காற்றினிலே வரும் கீதம்' பாட்டை நாம் ஆயிரம் தடவை கேட்டிருப்போம், அந்தப் படத்தின் வெளிச்சத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

போன மாதம் ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால், டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு மீராவை ஓடவிட்டேன். பாட்டு இல்லை, வசனம் இல்லை. எம்.எஸ். கண்ணை மூடுகிறார், திறக்கிறார், உதடு மெல்ல அசைகிறது, கன்னத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். பத்து நிமிடம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன் அசையவில்லை. டங்கனும் ஏறக்குறைய இப்படித்தானே பார்த்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

1950-ல் இரண்டு படங்கள், இரண்டுமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஒன்று 'பொன்முடி', எழுதியது பாரதிதாசன். இன்னொன்று 'மந்திரி குமாரி', வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. மலை உச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப்பார்க்கும் கணவனை, சாகும் முன் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, பின்னாலிருந்து அவளே தள்ளிவிடுவாளே, அந்தக் கதை. 'வாராய் நீ வாராய்' என்று அவன் கூப்பிட்டுக்கொண்டு போகிற பாட்டு இன்றைக்கும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா திரும்ப, மிச்சத்தை டி.ஆர். சுந்தரம் முடித்தார். இரண்டு பேர் பெயரும் படத்தில் வரும். பிற்பாடு மேற்கு வர்ஜீனியாவில் வாழ்ந்து, 2001-ல் காலமானார் டங்கன்.

இதற்கு மேல் நான் பேசுவதை விட நீங்கள் பார்ப்பது நல்லது. மீராவிலிருந்து ஒரு காட்சி எடுத்து வந்திருக்கிறேன். தம்பி, அந்த விளக்கை அணைத்துவிடுப்பா. முதல் தடவை சத்தம் வைக்க வேண்டாம்.