ஜிப்சிக்குப் புதிய கமான் பட்டை: நண்பர்களோடு இரண்டு நாள் வேலை

(காட்சி: சிமெண்டுத் தரையில் பழைய மாருதி ஜிப்சி. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை ஒருவர் டேப் பிடிக்கிறார்.)

நீங்கள் திரையில் பார்க்கும் ஜிப்சியின் வலப்பக்கம், இடப்பக்கத்தைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருக்கிறது, பெரும்பாலான நாட்களில் வண்டியில் அவர் ஒருவரே இருக்கிறார். ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளில், வண்டியின் எடையைத் தாங்கி வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டைகளான அந்தப் பக்கத்துக் கமான் பட்டைகள் முதலில் தளர்ந்துபோனதில் வியப்பில்லை. மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் இப்படி அளந்து, எண்களைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்த பிறகே நாங்கள் ஸ்பானரைக் கையில் எடுத்தோம்.

1985இன் இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிப்சி, உற்பத்தி நின்றுபோகும் வரை தன் அடிப்படை அமைப்பை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஏணி வடிவச் சேசிஸ் (அடிச்சட்டம்), முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு, நான்கு மூலைகளிலும் கமான் பட்டை என்பதே அந்த அமைப்பு. சேற்றிலும் மணலிலும் அது புதையாமல் செல்வதற்கு, ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே உள்ள அதன் எடை பெரிய காரணம். ஆளும் சுமையும் இல்லாமல் ஓட்டும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டுக்குட்டியைப் போலத் துள்ளுவதற்கும் அதே எடைதான் ஒரு காரணம்.

(காட்சி: மேசையில் பழைய கமான் கட்டும், புதிய பரவளையப் பட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில்.)

எங்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா லாரிகளுக்குக் கமான் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். நாங்கள் வாங்கியிருந்த புதிய பட்டைகளைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே அவர், “அவ்வளவு பட்டையையும் கழட்டிட்டு இந்த ரெண்டு மூணை வச்சா எப்படிடா தாங்கும்?” என்று கேட்டுவிட்டார். மிக நியாயமான கேள்வி அது. அதற்கான விடையில்தான் இந்த மாற்றத்தின் முழுப் பொருளும் இருக்கிறது.

பழைய கட்டில், நீளம் குறைந்துகொண்டே வரும் பல பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பட்டையும் முனை முதல் முனை வரை ஒரே தடிமன் கொண்டது. கட்டு வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசி நழுவ வேண்டும். துருவும் மண்ணும் சேர்ந்துவிட்டால் அந்த உராய்வு பெருகி, சிறிய அதிர்வுகளுக்குக் கட்டு அசையவே மறுக்கிறது. சிறு கல்லில் ஏறினாலும் வண்டி முழுவதும் தூக்கிப் போடுவது அதனால்தான்.

புதிய பட்டையின் தடிமன் நடுவில் அதிகமாகவும் முனையை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கிறது. முனையில் விழும் பாரம் பட்டையை வளைக்கும் திறன், முனையிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அந்த வளைவைத் தாங்கும் வலிமையோ தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே நடுவில் 12 மில்லிமீட்டர் தடிமன் தேவைப்பட்டால், முனையிலிருந்து கால் பங்கு தூரத்தில் 6 மில்லிமீட்டரே போதும். இப்படித் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றித் தேய்த்துக்கொண்டே போனால் கிடைக்கும் வடிவம் பரவளையம். இந்த வடிவத்தில் எஃகின் எந்தப் பகுதியும் சும்மா கிடப்பதில்லை. ஒரே தடிமன் கொண்ட பட்டையோடு ஒப்பிட்டால், கணக்கின்படி மூன்றில் இரண்டு பங்கு எஃகிலேயே அதே உச்சத் தகைவுக்கு (எஃகுக்குள் எழும் உள்விசைக்கு) இரண்டு மடங்கு வளைவு கிடைக்கிறது. நடைமுறையில், போல்ட் நுழையும் வளையமான கண்ணைச் சுருட்டுவதற்காக முனையில் கொஞ்சம் தடிமனை விட்டே செய்கிறார்கள். பட்டைகள் நடுவிலும் முனையிலும் மட்டுமே தொட்டுக்கொள்வதால் உராய்வும் பெருமளவு குறைந்துவிடுகிறது.

நாமக்கல் நண்பர் இதை ஒப்புக்கொள்ளச் சிறிது நேரம் ஆனது. ஒப்புக்கொண்டவுடனே அவர் கேட்ட அடுத்த கேள்வி முதல் கேள்வியைவிடக் கூர்மையானது: உராய்வே இல்லையென்றால் ஆட்டத்தை அடக்குவது எது? பழைய கட்டில் உராய்வு பாதி ஷாக் அப்சார்பராக வேலை செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால் வண்டி படகைப் போல ஆடும். எனவே பட்டைக்குப் பணம் இருந்து ஷாக்குக்கு இல்லையென்றால், இரண்டுக்கும் சேரும் வரை காத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

(காட்சி: சேசிஸின் கீழ் ஸ்டாண்டுகள் வைக்கப்படுகின்றன.)

முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தோம். மறுநாள் காலையில் எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, சேசிஸின் இரு பக்கமும் ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். அச்சின் கீழ் தனியாக ஒரு ஜாக்கி நின்றது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்ட யாரையும் அனுமதிக்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்ற வேண்டும் என்பதை நாங்கள் விதியாகவே வைத்துக்கொண்டோம். ஜிப்சியில் அச்சைச் சேசிஸோடு பிடித்து வைத்திருப்பது கமான் பட்டைதான்; இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு தானாக உருண்டு திரும்பிவிடும், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர நான்கு பேர் வேண்டும். நண்பர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஒருவருக்கு ஸ்பானரே கொடுக்கவில்லை. அச்சு இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, இயந்திரத்தின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (நழுவும் பல் இணைப்பு) வெளியே வருகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து, தேவையானால் “நிறுத்து” என்று சொல்வது மட்டுமே அவருடைய பொறுப்பு. அன்று மதியம் அவர் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். இரண்டு முறையும் ஹோஸ் விறைத்திருந்தது.

ஷாக்கின் கீழ் போல்ட்டையும், பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டுகளையும் கழற்றுவது எளிது. பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டான ஷேக்கிளின் போல்ட்டுகள்தான் நாளைத் தின்றுவிட்டன. கண்ணில் பொருந்தும் ரப்பர் உருளையான புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழாயோடு போல்ட் துருவால் ஒட்டிப்போயிருந்ததால், தட்டியும் சூடாக்கியும் பயனில்லாமல், கடைசியில் கிரைண்டரால் இரு பக்கமும் அறுத்தெடுத்தோம்.

ஜிப்சியில் கமான் கட்டு அச்சுக்குக் கீழே அமைந்திருக்கிறது. பட்டைகளின் நடுவில் செல்லும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் அடியில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். முன் இடப்பக்கத்தில் அது உட்காராமல் விளிம்பில் நின்றதை நான் கவனிக்காமல் யு போல்ட்டை முடுக்கத் தொடங்கிவிட்டேன். நாமக்கல் நண்பர்தான் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து என்னை நிறுத்தினார். அப்படியே முடுக்கியிருந்தால் அச்சு கோணலாகி, வண்டி நண்டைப் போலப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். யு போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். ஒரு முறை இழுபட்ட மரை அதே இறுக்கத்தை மறுபடி தராது. நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

ரப்பர் புஷ்ஷுகளின் போல்ட்டுகளை மட்டும், வண்டியைக் கீழே இறக்கிச் சக்கரங்களில் எடை நின்ற பிறகே முழுமையாக இறுக்கினோம். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுக்கொள்கிறது. வண்டி இறங்கியதும் அது எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழிந்துபோகும். புதிய பட்டையைக் குறை சொல்பவர்கள் பலர் இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்களாகவே இருக்கக்கூடும்.

(காட்சி: அச்சுக்கு மேல் பட்டை ஏற்றப்பட்ட உயரமான ஜிப்சியின் கோட்டுப் படம்.)

பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றி வண்டியை உயர்த்துவது ஏன் கூடாது என்று நண்பர்களில் இளையவர் கேட்டார். பார்ப்பதற்கு அது கம்பீரமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பு மையம் உயர்கிறது, ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடுகிறது, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்க் சாய்ந்து சக்கரத்தின் அசைவோடு வண்டி தானாகத் திரும்பப் பார்க்கிறது. நீளமான ஷேக்கிளைப் போடும் குறுக்குவழியும் உண்டு. ஜிப்சியின் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டினால் அச்சின் மேற்புறம் முன்னோக்கிச் சாய்ந்து, சக்கரம் திரும்பும் கோட்டின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைகிறது, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மறுக்கிறது. மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. நாங்கள் தேடியது உயரத்தை அல்ல, அசைவை.

(காட்சி: முன் வலச் சக்கரம் மண்மேட்டில் ஏறி நிற்கிறது, மற்ற மூன்றும் தரையில்.)

அந்த அசைவை இங்கே காணலாம். இதே மேட்டில் பழைய பட்டைகளோடு ஏற்றியபோது பின் வலச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, காற்றில் சும்மா சுழன்றது. இப்போது நான்கு சக்கரங்களும் மண்ணைப் பிடித்திருக்கின்றன. சுவரில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டபோது இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்திருந்தன. ஸ்டீயரிங் மட்டும் சற்றே கோணலாக நின்றதால், டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து, பிறகு அலைன்மென்ட் பார்த்தோம். 500 கிலோமீட்டர் ஓடிய பின் யு போல்ட்டுகளை மறுபடி முடுக்கியபோது, மூன்று நட்டுகள் கால் சுற்று நகர்ந்தன.

(காட்சி: கழற்றப்பட்ட பழைய பட்டைகள் ஒரு சாக்கின் மேல்.)

பழைய பட்டைகளில் மிக நீளமான இரண்டை நாமக்கல் நண்பர் எடுத்துக்கொண்டார். இந்த எஃகில் அடித்த அரிவாளுக்கு நல்ல பதம் வரும் என்று கொல்லர்கள் கமான் பட்டையைத் தேடி வாங்குவது வழக்கம். அவருடைய ஊர்க் கொல்லர் ஒன்றை அரிவாளாகவும் இன்னொன்றைத் தேங்காய் உரிக்கும் பாரையாகவும் அடித்துக் கொடுத்திருக்கிறார்.