புகை தள்ளும் இன்ஜினைத் திறப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்லும் புகார்களில் முதன்மையானது, "வண்டி ஆயில் குடிக்கிறது" என்பது. சொல்லும்போதே முகம் வாடியிருக்கும். "இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்" என்று யாராவது ஏற்கெனவே பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த உரை. கொஞ்சம் ஆயில் எரிப்பதால் எந்த இன்ஜினும் உடனே கெட்டுவிடாது. ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டும்போதுதான் கெடுகிறது.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர். இன்றும் எத்தனையோ குடும்பங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் இன்ஜின் கொள்ளும் ஆயில் மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கும் நிலைக்கு வந்துவிட்ட வண்டியை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் தொடாமல் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. அந்த நிலையில் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்பு காற்றை இழுக்கும், பேரிங் தேய்ந்துவிடும். "ஆயில் விளக்குதான் எரியவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவதன்று. அது எரியும் நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கும். எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல், அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

ஆகவே முதல் வேலை அளப்பது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், எரிவதும் கூடும்.

அடுத்தது புகை. நீல நிறம் என்றால் ஆயில். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெண்புகை நில்லாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் சங்கதி. நீலப் புகை எப்போது வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கிவந்து, கீழே சமதளத்தில் மிதித்ததும் பின்னால் ஒரு நீல மேகம் எழுந்தால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மீது சந்தேகம் கொள்ளலாம். இறக்கத்தில் இன்ஜினுக்குள் உறிஞ்சல் அதிகம். காய்ந்துபோன சீல் வழியே ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை மட்டும் புகைத்து நிற்பதும் இதே குறிதான். மாறாக, ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் புகைத்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அடைத்து நிற்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. சூடான இன்ஜினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முள் சட்டென்று ஏறினால் ஆயில் ரிங் இடைவெளியை அடைத்திருக்கிறது. தேய்மானம் ரிங், சிலிண்டர் பக்கம்தான் என்று தெரிந்துவிடும். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றிய பிளக்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் பிளக் வெளிறிய பழுப்பாக, உலர்ந்திருக்கும். ஆயில் எரியும் சிலிண்டரின் பிளக்கில் பிசுக்கென்று கரி படிந்திருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் "போர் அடிக்க வேண்டும்", அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

இன்ஜினின் மூச்சுக்குழாயையும் மறக்கக் கூடாது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் தப்பிக்கும் வழியைத் தேடும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் முதலில் அங்கே கை வையுங்கள். அந்தக் குழாயைச் சுத்தம் செய்த அளவிலேயே தீர்ந்துபோன வண்டிகள் உண்டு. வால்வு சீல் என்றாலும் செலவு குறைவுதான். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றிவிடலாம்.

தேய்மானம் ரிங்கில்தான், ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர், அரை லிட்டர்தான் குறைகிறது என்றால், அளவு பார்த்து ஊற்றி ஓட்டுங்கள். 20டபிள்யூ-40 ஊற்றிவந்த பழைய கார்புரேட்டர் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் சற்றுக் குறையலாம். புகையை நிறுத்தும் மருந்தென்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்குபவை; தேய்ந்த ரிங்கை அவை வளர்த்துத் தரா. விற்பதற்கு முதல் நாள் அதை ஊற்றிப் புகையை மறைப்பது, வாங்கப் போகும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

நிறைய எரிகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் புகை பின்னால் வருபவரின் நெஞ்சுக்குள் போகிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் படிந்து படிந்து அதையும் செயலிழக்கச் செய்துவிடும்.

இன்ஜின் வேலை செய்வதென்று முடிவானால், சிலிண்டரைப் போர் கேஜால் அளந்து, தேய்மானத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அளவுக்குள் இருந்தால், உட்சுவரை லேசாகத் தேய்த்துவிடும் ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டரில் ரிங் மட்டும் மாற்றினால் வெகு விரைவில் மறுபடி புகைக்கும். அங்கே போர் அடித்து, அதற்கேற்பச் சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே முறை. வேலை முடிந்த பின் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நெடுநேரம் விரட்டாதீர்கள். பட்டறையில் சொல்லும் தூரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். புது ரிங் சிலிண்டரோடு படியும்வரை கொஞ்சம் ஆயில் குறையத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.