எதிரி யார் என்பதை எண்ணிக்கை சொல்லாது

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். உலக நாடுகளின் நடத்தையைப் பெரிதும் தீர்மானிப்பது வலிமைக் கணக்கா, அல்லது அந்நாடுகள் தமக்குள் வளர்த்துக்கொண்ட கருத்துகளும் நெறிகளுமா என்பதே இன்றைய வழக்கு. கருத்துகளும் நெறிகளுமே என்ற அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு சான்றுகளை முன்வைத்தார். கி.மு. 416இல் மீலோஸ் தீவை முற்றுகையிட்ட ஏதென்ஸின் தூதர்கள், வலியவர் தம்மால் இயன்றதைச் செய்வார்கள், மெலியவர் அதைப் பொறுத்தே ஆகவேண்டும் என்ற பொருளில் பேசியதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்த உரையாடல் ஒன்று. வள்ளுவரின் வலியறிதல் அதிகாரம் மற்றொன்று. முதல் சான்றுக்குச் சுருக்கமாகவே விடை சொல்கிறேன். அந்த உரையாடலை அடுத்துத் துசிடிடீஸ் விரிவாக எழுதுவது ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பைப் பற்றி; அந்தப் பெரும்படை கி.மு. 413இல் அடியோடு அழிந்தது. மீலோஸோடு நூலை மூடிவிடுபவர்களுக்குத்தான் துசிடிடீஸ் வலிமையின் புலவராகத் தெரிவார்.

வள்ளுவரிடம் சற்று நிற்க வேண்டும். தன்வலியையும் மாற்றான் வலியையும் துணைவலியையும் தூக்கிப் பார்த்துச் செயல்படு என்கிறார் அவர். தூக்குவதற்குத் தராசு போதும். ஆனால் யாரை மாற்றான் தட்டில் வைப்பது, யாரைத் துணைத் தட்டில் வைப்பது என்பதைத் தராசு சொல்லுமா? நாடுகளின் நலனையும் பகையையும் அவற்றின் கருத்துகளே ஆக்குகின்றன என்று சொல்லும், ஆக்கவாதம் என்று நாம் தமிழில் அழைக்கத்தக்க கன்ஸ்ட்ரக்டிவிசக் கோட்பாட்டின் முதன்மை அறிஞரான அலெக்சாண்டர் வெண்ட் எழுப்பிய கேள்வியும் இதுவே. பிரிட்டனிடம் இருக்கும் ஐந்நூறு அணுகுண்டுகளைவிட வட கொரியாவிடம் இருக்கக்கூடிய ஐந்து அணுகுண்டுகளே அமெரிக்காவுக்கு அச்சம் தருகின்றன என்று அவர் 1995இல் எழுதினார். எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் வாஷிங்டன் லண்டனைக் கண்டல்லவா நடுங்க வேண்டும்?

வலிமையே நாடுகளை நடத்துகிறது என்னும் யதார்த்தவாதிகள் இதற்கு விடை தேடாமல் இல்லை. நாடுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லை, ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே தேடிக்கொள்கிறது, வலிமை எங்கே குவிகிறதோ அதற்கு எதிராக மற்றவை அணிசேர்கின்றன என்று கென்னத் வால்ட்ஸ் 1979இல் செறிவான ஒரு கோட்பாட்டை வகுத்துக் கொடுத்தார். நான் அதை மதிக்கிறேன். அதன் எளிமையே அதன் அழகு. ஆனால் அதே பள்ளியைச் சேர்ந்த ஸ்டீபன் வால்ட், மேற்கு ஆசியக் கூட்டணிகளை ஆராய்ந்துவிட்டு 1987இல் ஒரு திருத்தம் சொன்னார்: நாடுகள் வலிமைக்கு எதிராக அணிசேர்வதில்லை, அச்சுறுத்தலுக்கு எதிராகவே அணிசேர்கின்றன, அச்சுறுத்தலை அளக்கும்போது மற்ற நாட்டின் நோக்கத்தைத் தாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் சேர்கிறது. நோக்கம் என்ற சொல் உள்ளே வந்தவுடன் கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது, நடுவர் அவர்களே. இப்படித் திருத்திக்கொண்டே போனால் எஞ்சியிருப்பவர்களில் யதார்த்தவாதி யார் என்று ஜெஃப்ரி லெக்ரோவும் ஆண்ட்ரூ மொராவ்சிக்கும் 1999இல் கேட்டது அதனால்தான்.

இனி இந்த வழக்கின் மையத்துக்கு வருகிறேன். பனிப்போர் எப்படி முடிந்தது? பன்னாட்டு உறவுகளை ஆராயும் துறைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வந்ததில்லை. அரை நூற்றாண்டாக உலகைப் பிளந்து வைத்திருந்த மோதல் பெரும்போர் ஏதுமின்றி ஓய்ந்ததை ஏன் எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று வரலாற்றாசிரியர் ஜான் லூயிஸ் கேடிஸ் அப்போதே துறையைக் கூண்டில் ஏற்றினார். அதற்கு எதிரணியின் மிகச் சிறந்த விடையை ஸ்டீபன் புரூக்ஸும் வில்லியம் வோல்ஃபோர்த்தும் தந்தார்கள்: சோவியத் பொருளாதாரம் தேங்கிவிட்டது, படைச்செலவு நாட்டை நசுக்கியது, ஆகவே சோவியத் தலைவர் கொர்பசேவ் பின்வாங்கினார், இதில் கருத்துக்குத் தனியிடம் இல்லை.

தேக்கம் உண்மை. அதை மறுப்பது என் அணிக்கு அழகல்ல. ஆனால் தேய்ந்துவரும் வல்லரசு ஒன்று என்ன செய்யும் என்று எதிரணியின் கோட்பாட்டையே கேட்டுப் பாருங்கள். பின்வாங்கலாம் என்று சொல்லும்; இருப்பதை இறுகப் பற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லும்; இன்னும் தேய்வதற்குள் போர் தொடுக்கலாம் என்றும் சொல்லும். 1914இல் தேய்ந்துகொண்டிருந்த ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு மூன்றாவது வழியில் போனது. 1990களில் பஞ்சத்தில் வாடிய வட கொரியா இரண்டாவது வழியை விடவில்லை. ஒரே நோய்க்கு மூன்று முடிவுகள் என்றால், முடிவைத் தீர்மானித்தது நோய் மட்டும் அல்ல.

1985 மார்ச்சில் கொர்பசேவ் பொறுப்பேற்றபோது சோவியத்தின் அணு ஆயுதக் குவியல் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 40,000 என்று மதிப்பிடப்படுகிறது. வெளியிலிருந்து எவரும் அந்நாட்டின் மீது படையெடுக்கத் துணிந்திருக்க முடியாது. மாறியது வேறொன்று. எதிரியின் பாதுகாப்பைக் குலைத்து நம் பாதுகாப்பைப் பெற முடியாது என்ற ‘பொதுப் பாதுகாப்பு’ச் சிந்தனையை, சுவீடனின் ஓலாஃப் பால்மே தலைமையிலான ஆணையம் 1982இல் வகுத்துரைத்தது. அந்த ஆணையத்தில் சோவியத் அறிஞர் கியோர்கி அர்பத்தோவும் உறுப்பினர். அந்தச் சொற்களும் அந்தத் தர்க்கமும் ‘புதிய சிந்தனை’ என்று கொர்பசேவ் அழைத்த மாஸ்கோவின் வெளியுறவுக் கொள்கைக்குள் நுழைந்தன. 1988 டிசம்பர் 7இல் ஐ.நா. பொதுச்சபையில் கொர்பசேவ், தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா நாடுகளுக்கும் விலக்கின்றி உண்டு என்று அறிவித்து, அதே உரையில் 5,00,000 படைவீரர்களை ஒருதலையாகக் குறைக்கப்போவதாகவும் சொன்னார். எதிர்த்தரப்பிடம் பதிலுக்கு எதையும் பெறாமல் கொடுத்த உறுதி அது. வலிமைக் கணக்கு மட்டுமே போட்ட ஒருவர், பேரம் பேசும் சீட்டை மேடையிலேயே கிழித்துப் போடுவாரா?

அணு ஆயுதத்தைப் பற்றி ஒரு சொல். 1945 ஆகஸ்ட் 9க்குப் பிறகு எந்தப் போரிலும் அது வெடிக்கவில்லை. பதிலடி அச்சமே காரணம் என்று எதிரணி சொல்லும். பதிலடி தர அணுகுண்டே இல்லாத அர்ஜென்டினா, 1982இல் அணுவல்லரசான பிரிட்டனிடமிருந்து ஃபாக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றத் துணிந்தது ஏன்? பிரிட்டன் அந்தக் குண்டை எடுக்காது என்று அர்ஜென்டினாவை ஆண்ட தளபதிகள் நம்பியதால்தான். இந்த நம்பிக்கை தொடக்கத்திலிருந்தே இருந்ததும் அல்ல. படைசார்ந்த இலக்குகள் மீது, துப்பாக்கிக் குண்டைப் பயன்படுத்துவதுபோலவே அணுகுண்டையும் பயன்படுத்தாமலிருக்கக் காரணம் தெரியவில்லை என்று 1955 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் வெளிப்படையாகப் பேச முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், குடிமக்கள் இயக்கங்களும் ஐ.நா. விவாதங்களும் சேர்ந்து, அறிஞர் நீனா டேனன்வால்ட் விளக்குவதுபோல, அணுகுண்டைத் தொடவே கூடாது என்ற ஒரு விலக்கை மனிதகுலத்தின் மனத்தில் கட்டி எழுப்பின.

இறுதியாக, எதிரணி நண்பர் உக்ரைனைக் காட்டி, உங்கள் நெறி அங்கே எங்கே போயிற்று என்று கேட்டார். 2022 மார்ச் 2இல் 141 நாடுகள் பொதுச்சபையில் ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தும் பீரங்கிகள் ஓயவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. ஆனால் கருத்துகள் எல்லாம் நல்லவை என்று என் அணி ஒருபோதும் சொல்லவில்லை. கருத்துகள் கொல்லவும் செய்யும். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று வாதிட்டு 2021 ஜூலையில் புடின் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். படையெடுப்புக்கு ஏழு மாதம் முன்பு எழுதப்பட்ட அந்தக் கட்டுரையின் உயிர்நாடி ஏவுகணைக் கணக்கல்ல. யார் நம்மவர் என்ற கேள்வியே.

அமெரிக்கா இடம்பெற்ற நேட்டோ படைக்கூட்டணி ரஷ்ய எல்லைக்கு வந்துவிடும் என்ற அச்சம்தான் போருக்குக் காரணம் என்று யதார்த்தவாத அறிஞர் ஜான் மியர்ஷெய்மர் வழிநின்று எதிரணி வாதிட்டது. 2023 ஏப்ரல் 4இல் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. ரஷ்யாவோடு அதற்கு 1,340 கிலோமீட்டர் எல்லை உண்டு. ஆயினும் ரஷ்யா அதன் மீது படையெடுக்கவில்லை. ரஷ்யப் படை அப்போது உக்ரைனில் சிக்கியிருந்தது என்று நண்பர் எழுந்து சொல்லக்கூடும், இருக்கட்டும். ஆனால் 2022 ஜூன் மாதத்திலேயே, உக்ரைனோடு இருப்பது போன்ற சிக்கல்கள் பின்லாந்தோடும் சுவீடனோடும் தமக்கு இல்லை என்று புடினே சொல்லிவிட்டார்.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை வைத்து அமர்கிறேன். மாற்றம் கோரிய குரல்களை அடக்க 1956இல் புடாபெஸ்டுக்கும் 1968இல் பிராகுக்கும் சோவியத் டாங்கிகள் சென்றன. 1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு பெர்லின் சுவர் திறந்தபோது, கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் தங்கள் டாங்கிகளோடு பாசறைகளில் இருந்தார்கள். அவர்களை அன்றிரவு பாசறையிலேயே நிறுத்தி வைத்தது எந்த வலிமைக் கணக்கு என்று அவர் விளக்கட்டும். நன்றி, வணக்கம்.