வசூலாகக் கூடாத வரி

அவையோருக்கு வணக்கம்.

தலைவரி என்றால் நமக்கு உடனே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நினைவுக்கு வரும். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிய கூலித் தொழிலாளர்மேல் போட்ட மூன்று பவுன் வரி. 1913-இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் வெடித்தது. 1914-இல் வரி ரத்தானது. அதைக் கட்டாதவர்மேல் வழக்கு வந்தது, ஜெயில் வந்தது. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் அமெரிக்கத் தலைவரி வேறு ரகம்: தென்மாநிலங்களில் அதைக் கட்டியவருக்கே ஓட்டு. கட்டாதவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். கட்டாமல் இருந்துவிட்டால் அரசுக்குத்தான் நிம்மதி.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் 1890-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தைப் பிரித்துப் பாருங்கள். தலைவரி இரண்டு டாலர் என்று போட்டுவிட்டு, அதை வசூலிக்கக் குற்றவியல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். வர்ஜீனியாவின் 1902 சாசனம் ஒன்றரை டாலர் விதித்தது. மூன்று வருடம் பாக்கி விழும்வரை வழக்குப் போடக் கூடாது என்றும் சொன்னது. வரி போட்ட கையோடு தன் வசூல்காரன் கையை எந்த அரசாவது கட்டிப்போடுமா? பணம் வேண்டியிருந்தால் போடாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கட்டாதவர் பட்டியல்.

காரணம், நிறத்தைச் சொல்லி ஓட்டை மறுக்கக் கூடாது என்று 1870-இல் வந்த 15-ஆவது திருத்தம் தடுத்திருந்தது. ஆகவே நிறத்தைச் சொல்லாமல் அதே வேலையைச் செய்யும் விதி தேவைப்பட்டது. வர்ஜீனியா சாசன மாநாட்டில் கார்ட்டர் கிளாஸ், பாகுபாடு காட்டத்தான் கூடியிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்த ஒளிவுமறைவின்மைக்காவது ஒரு கும்பிடு போடலாம்.

ஒன்றரை டாலர்தானே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொகையை விடுங்கள், தேதியைப் பாருங்கள். வர்ஜீனியாவில் 1960 நவம்பர் 8-இல் ஓட்டுப் போட வேண்டுமா? முந்தைய மூன்று வருடங்கள், அதாவது 1957, 58, 59-க்கான வரி கட்டியிருக்க வேண்டும். ஆக நாலரை டாலர், தாமதத்துக்கு அபராதம் தனி. அதையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே, மே மாதத் தொடக்கத்திலேயே, கட்டி முடித்திருக்க வேண்டும். கென்னடியையும் நிக்சனையும் கட்சிகள் வேட்பாளராக அறிவித்ததே ஜூலையில்தான்! யார் நிற்கிறார்கள் என்று தெரிந்து, ஆர்வம் பிறந்து, ஓட்டுப் போடலாம் என்று ஒருவர் கிளம்பும்போது கதவு மூடி இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

மிசிசிப்பியில் கெடு பிப்ரவரி 1. இரண்டு வருட வரி கட்டியதற்கான அத்தாட்சியைத் தேர்தல் அதிகாரியிடம் காட்ட வேண்டும். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பஞ்சு பயிரிடும் குடியானவர் கையில் ரொக்கம் புரள்வது அறுவடைக் கணக்குத் தீர்க்கும்போது மட்டுமே; அதுவும் பெரும்பாலும் பண்ணைக் கடையின் கடனில் கழிந்துவிடும். அப்படியே கட்டினாலும், வருடத்துக்கொரு பண்ணை மாறும் குடும்பம் ஒரு துண்டுச் சீட்டை நவம்பர்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சீட்டு தொலைந்தால் ஓட்டும் தொலைந்தது.

அலபாமாவில் நிலுவை குட்டி போட்டது. 21 வயதிலிருந்து 45 வரை வருடம் ஒன்றரை டாலர், விட்டுப்போன வருடம் எல்லாம் சேரும். உச்சத்தில் 36 டாலர். 1953-இல்தான் அதை இரண்டு வருட நிலுவையோடு நிறுத்தினார்கள்.

இதில் அடிபட்டது கறுப்பினத்தார் மட்டுமல்ல. வர்ஜீனியாவில் அதிபர் தேர்தலில் விழுந்த ஓட்டு 1900-க்கும் 1904-க்கும் இடையே ஏறத்தாழப் பாதியானது. ஏழை வெள்ளையரும் கூடவே கழன்றுபோனார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பலபேருக்கு மொத்தமாக வரி கட்டி, ரசீதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டதும் நடந்தது. ஜார்ஜியாவில், வாக்காளராகப் பதியாத பெண்ணுக்கு வரியே கிடையாது, பதிந்தால் உண்டு. வீட்டில் இருந்தால் மிச்சம் என்று சட்டமே சொன்னது. அந்த ஜார்ஜியா வரியை எதிர்த்து ஒரு வெள்ளை இளைஞர் போட்ட பிரீட்லவ் வழக்கை 1937-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஒழிப்பு மெதுவாக வந்தது. 1940-களில் பிரதிநிதிகள் சபை ஐந்து முறை ஒழிப்பு மசோதாவை நிறைவேற்றியது. ஐந்து முறையும் செனட்டில் தென்மாநிலத்தார் அதை நகரவிடவில்லை. கடைசியில் புளோரிடா செனட்டர் ஸ்பெசர்ட் ஹாலண்ட் சாசனத் திருத்தம் என்ற வழியை எடுத்தார். 1962-இல் செனட்டில் 77-க்கு 16, கீழ்ச்சபையில் 295-க்கு 86. 1964 ஜனவரி 23-இல் 38-ஆவது மாநிலம் ஒப்புதல் தந்து 24-ஆவது திருத்தம் அமலானது. அப்போது இந்த வரி மிஞ்சியிருந்தவை அலபாமா, ஆர்கன்சா, மிசிசிப்பி, டெக்சாஸ், வர்ஜீனியா.

திருத்தத்தில் ஒரு பொத்தல். அதிபர், துணை அதிபர், காங்கிரஸ் தேர்தல்களை மட்டுமே அது தொட்டது. ஆளுநருக்கும் ஷெரீஃபுக்கும் பள்ளிக் குழுவுக்கும் ஓட்டுப் போட வரி தொடர்ந்தது. மாநிலங்கள் இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டன. வர்ஜீனியா இன்னும் ஒருபடி போனது: வரி கட்டாதவர் ஒவ்வொரு தேர்தல் ஆண்டிலும், ஆறு மாதம் முன்பே, குடியிருப்புச் சான்றிதழ் ஒன்று தாக்கல் செய்யட்டும் என்றது. பணம் போய்க் காகிதம் வந்தது. ஆறு மாதக் கெடு மட்டும் அப்படியே நின்றது! 1965 ஏப்ரலில் ஹார்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துப்போட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6-இல் வந்த வாக்குரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, மாநிலத் தேர்தல் தலைவரிமேல் வழக்குத் தொடருமாறு அட்டர்னி ஜெனரலுக்குக் கட்டளையிட்டது. 1966 மார்ச் 24-இல் ஹார்ப்பர் வழக்கு. ஆனி ஹார்ப்பர், நார்ஃபோக் நகரத்து ஈவ்லின் பட்ஸ் ஆகியோர் தொடுத்தது. 6-க்கு 3 என்று உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல் தலைவரியையும் செல்லாது என்றது. ஓட்டுப் போடும் தகுதிக்கும் கையிலிருக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை என்று நீதிபதி டக்ளஸ் எழுதினார். பிரீட்லவ் தீர்ப்பும் அதோடு போனது.

தலைவரி என்ற பெயர் அங்கே முடிந்தது. ஆனால் ஓட்டுக்குக் காசு வேறு பெயரில் வந்தது. ஓட்டுப் போட அடையாள அட்டை காட்டச் சொன்ன இண்டியானா சட்டத்தின்மேல் 2008-இல் வந்த வழக்கில் அட்டை இலவசம், அதை வாங்கத் தேவையான பிறப்புச் சான்றிதழுக்கு 3 முதல் 12 டாலர். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. என் பார்வையில் அதைவிட மோசமானது புளோரிடா. தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை தர 2018-இல் மக்களே வாக்களித்தார்கள். 2019-இல் சட்டமன்றம், நீதிமன்ற அபராதமும் கட்டணமும் தீர்த்தபின்தான் என்றது. எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஒரே இடம் கிடையாது. வழக்குக்காக 153 பேரின் பதிவுகளைச் சோதித்தபோது, மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோருடைய கணக்கிலும் ஓர் ஆவணம் சொன்னதை இன்னொன்று மறுத்தது. 2020 மே மாதம் மாவட்ட நீதிபதி இதன் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். செப்டம்பர் 11-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 4 என்று அதை மாற்றியது. அக்டோபர் 5 வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள். தன் பாக்கி எவ்வளவு என்று கண்டுபிடித்து, கட்டி, பதிந்துகொள்ள ஒருவருக்கு மிச்சமிருந்தது 24 நாள்.