அப்பாயி மடியில் 20 புளியங்கொட்டை

நேயர்களுக்கு, முக்கியமாக அங்கன்வாடி நடத்துகிறவர்களுக்கு வணக்கம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால், காலை 7 மணிக்கே நம் தாய்மார் வயலில் இறங்கிவிடுவார்கள். அந்த நாளில் அங்கன்வாடியில் 11 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, "இவங்களுக்கு அக்கறையே இல்லை" என்பது நியாயமா? அக்கறை இருக்கிறது. நேரம்தான் தப்பு. மாதம் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஆறரை மணிக்கு, கோயில் வாசலில் அரைமணி நேரம் வையுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பாயியை, அம்மாயியை முதலில் கூப்பிடுங்கள்.

வந்தவர்களிடம் பேச்சு வேண்டாம். ஒரு விளையாட்டைச் செய்து காட்டுங்கள். 20 புளியங்கொட்டை, 2 கொட்டாங்கச்சி, அவ்வளவுதான். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொட்டை வேண்டாம், விழுங்கிவிடும். பெரிய பிள்ளையானாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

4 வயதுப் பிள்ளை பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும். ஆனால் வாய் பத்தில் நிற்கும்போது விரல் ஏழாவது கொட்டையில்தான் இருக்கும். வாய் முந்திக்கொள்கிறது. அதனால் ஒரு கொட்டாங்கச்சியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து மற்றதில் போடச் சொல்லுங்கள். 'டக்'கென்று விழும் சத்தத்துக்கு ஒரு எண். முதலில் 5 கொட்டை போதும். முடிந்ததும், "மொத்தம் எத்தனைடா தங்கம்?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. திட்டாதீர்கள், நாளைக்கும் விளையாடுங்கள்.

"பால்வாடியில சும்மா விளையாடுதுங்க, இன்னும் அ, ஆ எழுதலையே" என்று வீட்டில் குறைபடுவார்கள். கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கிறதே, அதே பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகிறது. கோலமாவை விரலிடுக்கில் விடுவதும், மாவு பிசைவதும் அந்தப் பயிற்சிதான். விரல் திடப்படுமுன் எழுதச் சொன்னால் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடிக்கும், கை வலித்துத் தூக்கிப் போட்டுவிடும். இதைச் சொல்லி நம்பமாட்டார்கள். அப்பாயி மடியிலேயே பிள்ளையை உட்காரவைத்துக் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள், அவரே பார்த்துவிடுவார்.

நேரம் நெருங்கிவிட்டது. அப்பாக்களுக்கு ஒன்று மட்டும். சாயங்காலம் டீக்கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள். மடையைக் காட்டி, "தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேளுங்கள். கேட்டதும் நீங்களே பதில் சொல்லிவிடாமல், மனசுக்குள் 5 எண்ணும்வரை பொறுங்கள். வணக்கம்.