சேவல் தாண்டும் ஓடை

வணக்கம் நண்பர்களே. இன்று ஓர் ஓடையைப் பற்றிப் பேசப்போகிறேன். சேவல்கூடத் தாண்டிவிடும், அவ்வளவு சின்ன ஓடை. 1200-களின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் என்ற ஜெர்மன் கவிஞர் பாடிய ‘பார்சிஃபால்’ காவியத்தில் அது வருகிறது. கிட்டத்தட்ட 25,000 அடிகள் கொண்ட பெரிய காவியம்.

பார்சிஃபால் காட்டில் வளர்ந்த பையன். அப்பா போரில் இறந்துவிட்டார். குதிரை வீரர்கள் என்ற பேச்சே மகன் காதில் விழக்கூடாது என்று அம்மா காட்டுக்குள் வைத்து வளர்க்கிறாள். ஒருநாள் கவசம் பளபளக்க வீரர்கள் எதிரே வந்துவிடுகிறார்கள். கடவுள் பகலைவிடப் பிரகாசமானவர் என்று அம்மா சொல்லியிருந்தாள் இல்லையா? பையன் மண்டியிட்டுக் கும்பிடுகிறான்.

அப்புறம் அவனும் வீரனாகக் கிளம்புகிறான். ஊரார் சிரித்து நாலு அடி போட்டால் திரும்பி வந்துவிடுவான் என்ற ஆசையில் அம்மா சாக்குத் துணியில் கோமாளி உடை தைத்துப் போடுகிறாள். கறுத்த நீரில் இறங்காதே என்று புத்தியும் சொல்கிறாள். ஆழத்தை நினைத்துச் சொன்னது அது. இவனோ, புல்லும் பூவும் மூடிக் கறுப்பாகத் தெரிந்த அந்த ஓடையைத் தாண்டாமல் பகல் முழுக்கக் கரையோரமாகவே போகிறான்!

நல்ல பெண்ணிடம் மோதிரம் வாங்கு என்பதும் அம்மா சொன்னதுதான். கூடாரத்தில் தூங்கிய யெஷூட்டேயின் மோதிரத்தைப் பிடுங்கிவிட்டு, பசிக்கிறது என்கிறான். ‘என்னைத் தின்றுவிடாதே’ என்கிறாள் அவள். இங்கே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவளைச் சந்தேகப்பட்ட கணவன் கந்தல் உடையில், எலும்பும் தோலுமான குதிரையில் அலையவிடுகிறான். அவளை அந்தக் கோலத்தில் வோல்ஃப்ராம் மறுபடி காட்டும்போது, முன்பு சிரித்தது நெஞ்சில் உறுத்தியது.

அடுத்த ஆசான் குர்னெமான்ட்ஸ். அதிகம் கேள்வி கேட்காதே என்கிறார். பிறகு கிரெயில் என்ற அதிசயக் கல்லைக் காக்கும் கோட்டைக்குப் பையன் போய்ச் சேர்கிறான். அங்கே அரசன் அன்ஃபோர்டாஸ் ஆறாத புண்ணோடு துடிக்கிறான். ஒரு கேள்வி கேட்டால் குணமாகிவிடுவான். பையன் வாயே திறக்கவில்லை. ஓடையோரம் போனானே, அதே பிள்ளை, அதே கீழ்ப்படிதல். இப்போது சிரிக்க முடிகிறதா?

அன்ஃபோர்டாஸ் அவனுடைய தாய்மாமன். ஆண்டுகள் கழித்து, அழுதபடி அவன் கேட்கிறான்: ‘மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?’